டீச்சர் பதில்கள்: ஸ்கொட் கோபுரத்தில் ஏறலாமா?

கேள்வி: டீச்சர், என் மகன் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் படிக்கிறான். வரும் ஜூலையில் அவனைப் பார்க்கப் போகிறேன். ஒரு எழுத்தாளருக்காக நகரத்தின் நடுவில் கட்டிய கோபுரம் ஒன்று இருக்கிறதாம், அதில் என்னை ஏற்றியே தீருவேன் என்று நிற்கிறான். எனக்கு 58 வயது, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. இளவயதில் சிவனொளிபாதமலை ஏறியவள்தான். இதுவும் ஏலுமா?
- வாசகி, ஹட்டன்

ஏலும் தங்கச்சி. ஆனால் மலை ஏறியதை வைத்து இதைக் கணக்குப் பார்க்க வேண்டாம். அந்தக் கோபுரத்தில் மொத்தமே 287 படிகள்தான். நல்லதண்ணியில் இருந்து மலைக்கு ஏறியவருக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை. ஆனால் மலையில் மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம், தேத்தண்ணிக் கடை வரும், சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு கூட வருகிறவர்கள் கை கொடுப்பார்கள். இங்கே கல்லால் ஆன சுருள் படி. சுற்றிச் சுற்றி ஏற வேண்டும், மேலே போகப் போக ஒடுங்கும். கடைசிப் பகுதியில் இரண்டு தோளும் சுவரில் உரசும். எதிரே ஒருவர் இறங்கி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும். மின்தூக்கி கிடையாது.

ஆகவே முழங்காலை விட, ஒடுங்கிய இடத்தில் உங்களுக்குப் பயம் வருமா, தலை சுற்றுமா என்பதை யோசியுங்கள். இரண்டும் இல்லையென்றால் தைரியமாகப் போகலாம். என் மகள் அந்த ஊரில் வேலை பார்க்கிறாள், அவளோடுதான் நானும் ஏறினேன். எனக்கு ஏறும்போது கால் வலிக்கவில்லை. இறங்கும்போதுதான் வலித்தது, ஒவ்வொரு படியும் உள்பக்கம் ஒடுங்கி இருப்பதால் பாதத்தை முழுதாக ஊன்ற முடியாது. வெளிச்சுவர்ப் பக்கமாகக் கால் வைத்து, கையால் சுவரைத் தொட்டபடி இறங்குங்கள். மகனை உங்களுக்கு முன்னால் இறங்கச் சொல்லுங்கள்.

சேலை வேண்டாம். எனக்கும் சேலைதான் பழக்கம், ஆனால் அந்தப் படியில் கொசுவம் காலில் மாட்டினால் பிடித்துக்கொள்ள இடமில்லை. சுடிதார், வழுக்காத சப்பாத்து, காதை மூடும் தொப்பி. ஜூலை என்றாலும் மேலே காற்று நம் நுவரெலியாக் காற்றை விடப் பொல்லாதது. காற்று கடுமையான நாட்களில் ஏறவே விடமாட்டார்கள், அதனால் முதல் நாளே நேரத்தையும் டிக்கட்டையும் பார்த்து வைக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். கைப்பையை அவனிடம் கொடுத்துவிடுங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. உச்சிக்குப் போனால்தான் ஏறியதாகக் கணக்கு என்று நினைக்காதீர்கள். நடுவில் நின்று பார்க்கத் தளங்கள் இருக்கின்றன. முதல் தளத்தில் வண்ணக் கண்ணாடி யன்னல்கள் வைத்த ஓர் அறையும் உண்டு. அங்கே நின்றாலே கோட்டை தெரியும், பிரின்சஸ் வீதி முழுக்கத் தெரியும், ஆர்தர்ஸ் சீட் என்ற மலை தெரியும். அந்த மலை வெறும் 251 மீற்றர்தான். நமக்கு அது ஒரு மேடு, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதன் மேல் வைத்திருக்கும் பாசம் எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: அந்த எழுத்தாளர் யார் டீச்சர்? படத்தில் கோபுரம் ஏன் கரிபிடித்த மாதிரி இருக்கிறது? யார் கட்டினார்கள்?
- உயர்தர மாணவன், தலவாக்கலை

தம்பி, நல்ல கேள்வி. சேர் வால்டர் ஸ்கொட், 1771இல் பிறந்து 1832இல் இறந்தவர். முதலில் கவிஞர், பிறகு சரித்திர நாவல்களால் ஐரோப்பா முழுக்கப் பெயர் எடுத்தவர். 1826இல் அவர் பங்கு வைத்திருந்த அச்சகமும் அவருடைய புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகமும் முறிந்து, ஒரு லட்சம் பவுணுக்கு மேல் கடன் தலையில் விழுந்தது. வங்குரோத்து என்று கையை விரிக்க மாட்டேன், எழுதியே அடைப்பேன் என்று உட்கார்ந்தார். சாகும்வரை எழுதினார். மிச்சக் கடனை அவருடைய புத்தகங்கள் அடைத்தன.

ஆனால் எனக்கு அவரை விட நெருக்கமானவர் அதைக் கட்டியவர். ஜோர்ஜ் மீக்கிள் கெம்ப், ஒரு ஆட்டு மேய்ப்பரின் மகன், தொழிலால் தச்சர். கட்டடக் கலையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. பழைய மடங்களையும் தேவாலயங்களையும் நடந்து நடந்து பார்த்து, வரைந்து வரைந்து தானே கற்றுக்கொண்டவர். போட்டிக்குத் தன் படத்தை ஜோன் மோர்வோ என்ற புனைபெயரில் அனுப்பினார். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் மத்தியில் கடைசியில் அவருடைய படமே தேர்வானது. 1840 ஆகஸ்ட் 15, ஸ்கொட்டின் பிறந்தநாள் அன்று அடிக்கல் நட்டார்கள். 61 மீற்றர் உயரத்துக்கு வேலை முடியும் தறுவாயில், 1844 மார்ச் மாதம், ஒரு இரவு வீட்டுக்குத் திரும்பும் வழியில் கெம்ப் கால்வாயில் விழுந்து இறந்து போனார். உச்சிக் கல்லை வைத்தவன் அவருடைய மகன். 1846இல் திறப்பு விழா நடந்தபோது கெம்ப் இல்லை. நீங்கள் அங்கே போகும் காலம் வந்தால் ஸ்கொட்டின் பெயரோடு அவர் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.

கறுப்புக்குக் காரணம் கல்தான். பின்னி என்ற இடத்து மணற்கல். அதற்குள் இயற்கையாகவே எண்ணெய்த்தன்மை இருக்கிறது, புகையில் வரும் கரி அதில் ஒட்டிப் பிடிக்கும். பக்கத்தில் ரயில் நிலையம், சுற்றிலும் நிலக்கரி எரித்த வீடுகள், கேட்கவா வேண்டும். 1990களில் கழுவிப் பார்க்கச் சோதனை செய்தார்கள், கழுவினால் கல் சிதையும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். உடைந்த இடங்களுக்கு அதே கல்லைத் தேடி எடுத்துப் பொருத்தினார்கள். அந்தக் கறுப்புக் கோபுரத்தின் அடியில் ஸ்கொட் தன் நாய் மைடாவோடு வெள்ளைப் பளிங்கில் உட்கார்ந்திருக்கிறார். ஜோன் ஸ்டீல் செதுக்கியது. எனக்கு அந்தக் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்ததுதான் அழகு.

கேள்வி: யாரோ ஒரு வெள்ளைக்கார எழுத்தாளருக்குக் கட்டியதை நாம் ஏன் ஏறிப் பார்க்க வேண்டும்? நம் எழுத்தாளர்களுக்கு என்ன இருக்கிறது?
- வாசகர், புசல்லாவை

கோபம் நியாயமானது ஐயா. அந்தக் கோபத்தோடேயே பதில் சொல்கிறேன்.

உச்சித் தளத்தில் நின்று கீழே பார்த்தபோது, ரயில் நிலையத்தின் பெயர் வேவர்லி என்று மகள் சொன்னாள். ஸ்கொட்டின் முதல் நாவலின் பெயர் அது. நான் அக்கரப்பத்தனையில் படிப்பித்த காலத்தில் வேவர்லி தோட்டத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். நானுஓயாவில் எடின்பரோ தோட்டம் இருக்கிறது. டிம்புள்ளப் பக்கம் அபொட்ஸ்ஃபோர்ட் தோட்டம், அது ஸ்கொட்டின் வீட்டின் பெயர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்கள் தங்கள் நாட்டின் பெயர்களை நம் மலைகளில் வைத்தார்கள், அந்தப் பெயர்களுக்குள் நம் ஆட்கள் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, மண்ணுக்குள் போனார்கள். அதனால் அந்தக் கோபுரம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பார்க்க நமக்கு உரிமை உண்டு.

நம் பக்கம் சி. வி. வேலுப்பிள்ளை இருக்கிறார். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போனவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். தொழிலாளர் பாடிய நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்துத் தந்தவர். அவர் சேர்க்காவிட்டால் அந்தப் பாட்டுகளில் பல அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். ஸ்கொட்டும் முதலில் செய்த பெரிய வேலை அதுதான், இங்கிலாந்தோடு ஒட்டிய ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்து மக்கள் பாடிய பாட்டுகளைத் தொகுத்தது. நான் கேட்பது 61 மீற்றர் கல் அல்ல. தோட்டப் பாடசாலை நூலகங்களில் அவருடைய புத்தகம் இருக்க வேண்டும், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அவர் பெயர் தெரிய வேண்டும். உங்கள் ஊர்ப் பாடசாலையில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அதிபரிடம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுவோம்.

கேள்வி: ஏறாமல் கீழே நின்று பார்க்கக் காசு உண்டா?
- வாசகி, பண்டாரவளை

இல்லை. சிலையைச் சுற்றி வந்து எவ்வளவு நேரமும் பார்க்கலாம். மேலே ஏறத்தான் டிக்கட். கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து தூண்களைப் பாருங்கள், ஸ்கொட்டின் கதைகளில் வரும் ஆட்கள் சின்னச் சின்னச் சிலைகளாக நிற்கிறார்கள்.