கிளிப்பா, அலைனரா? வளரும் பிள்ளைகளின் பல்வரிசை: வாசகர் கேள்விகளும் மருத்துவர்கள் பதிலும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. முன்பற்கள் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கிளிப் போட்டால் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று அழுகிறாள். வெளியில் தெரியாத அலைனர்தான் வேண்டுமாம். இந்த வயதில் போடலாமா? கிளிப் அளவுக்கு வேலை செய்யுமா?

13 வயதில் தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தப் பல், எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். வெளியில் தெரியுமா, தெரியாதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அலைனர் என்பது முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் உறை. வாயை ஸ்கேன் செய்து, பற்கள் படிப்படியாக நகர வேண்டிய பாதையைக் கணினியில் திட்டமிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜோடி செய்வார்கள். ஒரு ஜோடி ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரம் போட்டபின் அடுத்த ஜோடிக்கு மாற வேண்டும்.

இந்த உறை பல்லைத் தள்ளித்தான் நகர்த்துகிறது. சாய்ந்த பல்லை நிமிர்த்துவது, முன்பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை மூடுவது, லேசான நெருக்கத்தைப் பிரிப்பது போன்ற வேலைகளுக்குத் தள்ளினாலே போதும் என்பதால் அவற்றில் கிளிப்புக்கு ஈடாக நிற்கும். பல்லைக் கீழே இழுத்து இறக்குவது, உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவது, எலும்புக்குள் இருக்கும் வேரைச் சாய்ப்பது, பல் பிடுங்கிய இடத்தை மூடுவது ஆகியவற்றில் பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காமல் வழுக்கும். அந்தப் பிடிக்காகத்தான் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு மேடுகளை ஒட்டுகிறார்கள். இவற்றுக்கு அட்டாச்மென்ட் என்று பெயர். இவை இருந்தாலும் மேலே சொன்ன அசைவுகள் கிளிப்பில்தான் எளிது.

உங்கள் மகளின் நெருக்கம் எத்தனை மில்லிமீட்டர், அதாவது பற்கள் வரிசையாக நிற்க எவ்வளவு இடம் போதவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள். 4 மில்லிமீட்டர் வரை லேசானது, அலைனருக்கு ஏற்றது. 4 முதல் 8 வரை இருந்தால் தாடையின் அமைப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 8-ஐத் தாண்டினால் பல் எடுக்க வேண்டிவரலாம். அப்போது கிளிப் பக்கமே சாய்வோம். இடத்துக்காகப் பற்களின் பக்கவாட்டை மெல்லிசாகத் தேய்ப்பதும் உண்டு. இரு பற்கள் தொடும் ஓர் இடத்தில் மொத்தம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். எந்தெந்த இடத்தில் எவ்வளவு என்பது திட்டத்திலேயே இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்த வயதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டாவது கடைவாய்ப்பல் 12 வயதையொட்டி முளைக்கிறது. பாதி முளைத்த பல் உறைக்கு வெளியே நின்றால், தடுக்க எதுவும் இல்லாமல் அளவுக்கு மீறி மேலெழும்பிவிடும். பிறகு வாயை மூடும்போது பின்பற்கள் முதலில் முட்டிக்கொண்டு, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். எனவே உறையை அந்தப் பல்லின் மேல் சற்று நீட்டி, அது முளைக்கவும் இடம்விட்டுத் திட்டமிட வேண்டும். பல பால்பற்கள் இன்னும் விழாமல் இருந்தால் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்வோம்.

கேலிக்குப் பயப்படும் பிள்ளையிடம் ஒன்றை மறைக்காதீர்கள். அட்டாச்மென்ட் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். சிலருக்கு மேல் பல்லிலிருந்து கீழ் பல்லுக்கு ரப்பர் வளையமும் மாட்ட வேண்டியிருக்கும். சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நண்பர்கள் முன்னால் உறையைக் கழற்ற வேண்டும். இதை முதலிலேயே சொல்லி, கிளிப்பிலும் பல் நிறத்துக்கு நெருக்கமான செராமிக் வகை இருப்பதைக் காட்டி, அவளையே யோசிக்க விடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. மருத்துவர் இரண்டில் எது வேண்டுமானாலும் சரி என்கிறார். ஆனால் இவன் மறதிக்காரன். அலைனரைத் தினம் 22 மணி நேரம் போடுவானா என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்கிறீர்களே, அதுவே நல்லது. அலைனர் தோற்கும்போது பெரும்பாலும் காரணம் இந்த மணிக்கணக்குதான்.

24-இல் 22 போனால் மீதி 2 மணி நேரம். அதாவது 120 நிமிடம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணி வீதம் 90 நிமிடம். ஒவ்வொரு முறையும் பல் துலக்கி, உறையைக் கழுவி மாட்ட 5 நிமிடம் என்று வைத்தால் 15. ஆகமொத்தம் 105. மிச்சம் இருப்பது கால்மணி நேரம். மாலைத் தீனி, நண்பனோடு குடிக்கும் குளிர்பானம், படிக்கும்போது கொறிப்பது எல்லாம் அந்தக் கால்மணிக்குள் அடங்க வேண்டும்.

அவன் வாயில் தண்ணீர் தவிர வேறெதுவும் போகும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். செல்போனில் குறித்தால் போதும். ஒரு நாளில் எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மூன்று, நான்கு முறையோடு நின்றால் நம்பிப் போகலாம். ஏழெட்டு முறை என்றால் பழக்கமே மாற வேண்டும். அவன் மாற்றிக்கொள்வானா என்பதை அடுத்த இரண்டு வாரம் பழகிப்பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்த ஒரு வாரக் கணக்கையே அவன் எழுதவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல் எலும்பில் நேரடியாகப் புதைந்திருக்கவில்லை. வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. விடாமல் அழுத்தம் பட்டால்தான் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக வளரும். உறையைக் கழற்றி வைத்தால் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பும். 14 மணி நேரம் போட்டால் பாதிக்கு மேல் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. முன்னும் பின்னும் ஆடுகிற பல் வலிக்கும். 6-ஆம் ஜோடி முழுதாக உட்காராமலே 7-ஆம் ஜோடிக்குப் போனால் அது இன்னும் உட்காராது. 10-ஆம் ஜோடி வரும்போது திட்டம் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம் என்றாகிவிடும். பிறகு மறுபடி ஸ்கேன், புது ஜோடிகள், இன்னும் சில மாதம்.

இந்தப் பிசகை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல வெளிச்சத்தில் பல் நுனிக்கும் உறைக்கும் நடுவே பாருங்கள். மாற்றிய முதல் இரண்டு நாள் மெல்லிய இடைவெளி தெரிவது சகஜம். பஞ்சுபோன்ற ரப்பர் உருளை ஒன்று தருவார்கள். அதைப் பல் பல்லாகக் கடித்து ஐந்து நிமிடம் அழுத்தினால் உறை நன்றாக உட்காரும். மாற்றும் நாளிலும் இடைவெளி இருந்தால் அடுத்த ஜோடிக்குப் போகாமல் மருத்துவரை அழையுங்கள். சில அலைனர்களில் போடப் போட மங்கும் நீலப் புள்ளி இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம். உறையை வெளியே ஊறவைத்தாலும் அந்த நிறம் மங்கும்.

தொலைந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவையுங்கள். கைக்குட்டைத் தாளில் சுற்றி மேசைமேல் வைத்தால் குப்பைக்குத்தான் போகும். கழற்றினால் டப்பா, இல்லையென்றால் வாய். முந்தைய ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். நடப்பு ஜோடி ஆரம்ப நாட்களில் தொலைந்தால், பழையதை மாட்டிக்கொண்டே மருத்துவரைக் கேளுங்கள். மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் அடுத்ததற்குப் போகச் சொல்லலாம். எப்படியானாலும் வாயை வெறுமனே விடக்கூடாது.

ஒவ்வொரு முறையும் அம்மாவோ அப்பாவோ நினைவூட்டித்தான் நடக்கும் என்றால், எங்கள் கருத்தில் கிளிப்தான் நல்லது. அதைக் கழற்ற முடியாது என்பதே அதன் பலம். 15 வயதில் பொறுப்பு வரவில்லையே என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. அவனுக்குப் பொருந்தும் கருவியைத் தேர்வு செய்தால் போதும்.

கேள்வி: உறையைப் போட்டுக்கொண்டே ஜூஸ், காபி குடித்தால் என்ன?

வெறும் தண்ணீர் மட்டும்தான், அதுவும் சூடில்லாமல். சர்க்கரையும் புளிப்பும் உறைக்குள் புகுந்தால் எச்சில் வந்து கழுவ வழியில்லாமல் பல்லோடு ஒட்டி நிற்கும். எனாமல் அரித்து, வெள்ளைத் திட்டில் தொடங்கிச் சொத்தையில் முடியும். சூடு பட்டால் உறையின் வடிவம் கெடும். உறையைக் கழுவவும் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள தேய்க்கும் துகள்கள் கீறல் போட்டு உறையை மங்கலாக்கிவிடும்.

கேள்வி: 12 வயதுப் பையன். மேல்வரிசை நன்றாக எத்தி நிற்கிறது. ஒரு மருத்துவர், "கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது, முதலில் தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் சாதனம் வேண்டும்" என்கிறார். இன்னொருவர் அலைனரே போதும் என்கிறார். யாரை நம்புவது?

எத்துப்பல்லுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. தாடைகள் சரியாக இருந்து பற்கள் மட்டும் வெளியே சாய்ந்திருக்கலாம். அல்லது பற்கள் ஓரளவு நேராக இருந்தும் கீழ்த்தாடை பின்னால் நிற்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேதான் வித்தியாசத்தைக் காட்டும்.

தாடைதான் காரணம் என்றால் காலம் முக்கியம். உயரம் மளமளவென்று கூடும் பருவத்தில் கீழ்த்தாடையும் வேகமாக வளர்கிறது. பையன்களுக்கு இது பெண்பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு வருடம் பிந்தி வரும். முதல் மருத்துவர் சொல்வது அந்த வளர்ச்சியைப் பயன்படுத்தும் சிகிச்சை. அதைத் தவறவிட்டு வெறும் அலைனரால் மேல்பற்களை உள்ளே தள்ளினால் வரிசை நேராகும், தாடை அப்படியே இருக்கும். மேல்தாடை குறுகியிருந்தால் அதை அகலப்படுத்துவதும் இப்படித்தான். நடுவிலுள்ள எலும்பு இணைப்பு இறுகுவதற்கு முன்பே செய்ய வேண்டும். தாடையை முன்னே நிறுத்தும் சிறகு வைத்த அலைனர்களும் இருக்கின்றன. இரண்டாமவர் அதைச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குறை பல்லிலா, தாடையிலா? எக்ஸ்ரேயில் எந்த அளவு அதைச் சொல்கிறது? வளர்ச்சி எவ்வளவு மீதமிருக்கிறது? மேல் கோரைப்பற்கள் சரியான பாதையில் இறங்குகின்றனவா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். எலும்புக்குள் குறுக்கே கிடக்கும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரையே அரித்துவிடும். எக்ஸ்ரே எடுக்காமலேயே அலைனர் போதும் என்று சொல்லியிருந்தால், அந்தக் கருத்தை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் அலைனர் தபாலில் வருமாமே?

வளரும் பிள்ளைக்கு வேண்டாம். மேலே சொன்ன முளைக்காத பல், தாடை வளர்ச்சி, வேரின் நிலை எதுவும் அச்சில் தெரியாது. அட்டாச்மென்ட்டும் வீட்டில் ஒட்ட முடியாது.

கேள்வி: மகள் கைப்பந்து ஆடுகிறாள். அலைனரே பல்லுக்குக் காப்பாக இருக்குமா?

இருக்காது. அடியைத் தாங்கும் கனம் அதற்கு இல்லை. முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டு என்றால் அலைனரைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு மவுத்கார்டு போட வேண்டும். அந்த நேரமும் 120 நிமிடத்தில்தான் சேரும். தினமும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்றால் கணக்கு உதைக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிளிப் போட்டு, அதன்மேல் பொருந்தும் மவுத்கார்டு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: எல்லாம் எத்தனை மாதத்தில் முடியும்? முடிந்தபின் பற்கள் திரும்பக் கலையுமா?

லேசான நெருக்கத்துக்கு 6 முதல் 12 மாதம். சிக்கலானதற்கு 18 முதல் 24 அல்லது அதற்கும் மேல். முதல் தொகுதி ஜோடிகளோடு முடிவது குறைவு. பெரும்பாலானோருக்கு நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திருத்த ஜோடிகள் செய்ய வேண்டியிருக்கும். பேசிய தொகையில் அது அடங்குமா, எத்தனை முறை அடங்கும், தொலைந்த உறைக்கும், நகர்ந்த பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கக் கடைசியில் தரும் ரீடெய்னருக்கும் தனியா என்று முன்பே கேளுங்கள்.

முடியும் தறுவாயில் சிலருக்குக் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளி தெரியும். மாதக்கணக்கில் இடையில் பிளாஸ்டிக் இருந்து அழுத்தியதால் வருவது இது. பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி, மென்று சாப்பிட முடிகிறதா என்பதைச் சொல்லுங்கள்.

கலையுமா என்றால், ரீடெய்னர் போடாவிட்டால் கலையும். கிளிப்பானாலும் அலைனரானாலும் இதில் வித்தியாசம் இல்லை. முதல் சில மாதம் சாப்பாடு, துலக்கும் நேரம் தவிர நாள் முழுவதும். பிறகு இரவில் மட்டும், வருடக்கணக்கில். இரவு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து சில நாள் பகலிலும் போடுங்கள். உள்ளேயே போகவில்லை என்றால் பலவந்தமாக அழுத்தாமல், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அதே வாரம் மருத்துவரிடம் செல்லுங்கள்.