பழைய ஜீப்பில் பேட்டரி மூன்றே நாளில் இறங்கிவிடுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

உங்களுடையது 1995ஆம் ஆண்டு மகிந்திரா டீசல் ஜீப் என்றும், பேட்டரி வாங்கி நான்கு மாதமே ஆகிறது என்றும், மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் செல்ஃப் மோட்டார் முனகி நின்றுவிடுகிறது என்றும், வண்டி ஓடும்போது டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு இரவில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றும்படி மெக்கானிக் சொல்கிறாராம். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். நீங்கள் போகிற போக்கில் எழுதிய "இரவில் மட்டும்" என்ற இரண்டு சொற்களே அதற்குக் காரணம்.

நான் போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குவதற்காக 1994ஆம் ஆண்டு ஜீப் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் இதே தொல்லை ஒரு வருடம் நீடித்தது. அந்த ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரிகளை வாங்கினேன், ஆல்டர்னேட்டருக்கு ஒரு முறை காயில் கட்டினேன். கடைசியில் குறை இருந்த இடம் அவை இரண்டுமே அல்ல. அதனால் நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிரச்சினையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது சார்ஜ் முழுதாக ஏறாமல் இருக்கலாம்; அல்லது ஏறியது, நிறுத்திவைத்திருக்கும்போது எங்கோ ஒழுகிப் போகலாம். பேட்டரியை வெளியே கடையில் கொடுத்து முழுமையாகச் சார்ஜ் செய்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு அதன் எர்த் ஒயரை (மைனஸ் முனையில் மாட்டும் ஒயரை) மாட்டாமல் மூன்று நாள் வண்டியிலேயே வைத்திருங்கள். நான்காம் நாள் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் நன்றாகச் சுற்றினால் பேட்டரி நலமாக இருக்கிறது. சுற்றும்போது வோல்டேஜ் 9.6க்குக் கீழே விழுந்தால், நான்கு மாதப் பேட்டரியானாலும் அதையும் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் பல வாரங்கள் அரைச் சார்ஜிலேயே கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவே குறைந்துவிடும்.

இனி ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். புல்லிப் பள்ளத்தின் அடித்தளம் கண்ணாடிபோல் பளபளத்தால், பெல்ட் தேய்ந்து பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று பொருள். அதை இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலான கடைகளில் செய்யும் சோதனை இதுதான்: பகலில், விளக்கு எதுவும் போடாமல், எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மீட்டரை வைப்பார்கள், 13.8 காட்டும், "சார்ஜ் ஏறுது சார், பேட்டரிதான் போச்சு" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த 13.8 பொய்யில்லை. ஆனால் அப்போது ஒயர்களில் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. துருப்பிடித்த இணைப்பு ஒன்று வழியில் இருந்தாலும், அதில் நான்கைந்து ஆம்பியர் போகும்போது வோல்டேஜ் அதிகம் விழாது. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு இருபது ஆம்பியரைத் தொடும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும். 60 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டு மட்டுமே 9 முதல் 10 ஆம்பியர் எடுக்கும். மேலே 55 வாட் விளக்குகள் நான்கு கட்டியிருந்தால் இன்னொரு 16 ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்துப் பிடிக்கச் சொல்லி, நான்கு இடங்களில் அளக்க வேண்டும். முதலாவது, ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் இடையே. இரண்டாவது, பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கும் இடையே. கிளாம்ப்பில் வைக்காமல் ஈயத்திலேயே மீட்டர் ஊசியைக் குத்த வேண்டும், ஏனென்றால் அந்தக் கிளாம்ப்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொடியே குற்றவாளியாக இருக்கக்கூடும். மூன்றாவது, பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் இடையே. நான்காவது, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே. கடைசி இரண்டிலும் மீட்டர் காட்டுவது வழியில் தொலையும் வோல்டேஜ். பிளஸ் பக்கம் 0.3க்குள்ளும், எர்த் பக்கம் 0.2க்குள்ளும் இருந்தால் கவலையில்லை.

என் வண்டியில் ஆல்டர்னேட்டரிலேயே அளந்தபோது 14.1 இருந்தது, பேட்டரியில் 12.8தான் வந்து சேர்ந்தது. பிளஸ் ஒயரில் போனது 0.4. எர்த் பக்கம் போனது 0.9. ஆல்டர்னேட்டருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது; அது எஞ்சினோடு பிணைந்திருக்கும் பிராக்கெட்டும் போல்ட்டும்தான் அதன் எர்த். காயில் கட்டிக் கொடுத்த கடையில் பொருள் புதிதுபோல் தெரிய வேண்டுமென்று, போல்ட் உட்காரும் காதுகள் உட்பட முழுவதும் வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயிண்ட்டும், பிராக்கெட்டில் முன்பே இருந்த துருவும் சேர்ந்து மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்தன. உள்ளே இருந்து வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கோ இது தெரியாது. தன் முனையில் 14 வோல்ட் இருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். காதுகளை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் மின்னும்படி செய்து, ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை இழுத்ததும், அந்த 0.9 என்பது 0.1க்கும் கீழே போயிற்று. செலவு ஒரு முழ ஒயரும், ஒயர் முனையில் மாட்டும் இரண்டு லக்கும்தான்.

உங்கள் சிவப்பு விளக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பல்பின் ஒரு பக்கம் சாவி சுவிட்சிலிருந்து வருகிறது. மறுபக்கம் ஆல்டர்னேட்டரில் டி பிளஸ் அல்லது ஐஎன்டி என்று குறித்திருக்கும் முனைக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும் பல்பின் வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கி ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எழுந்ததும் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆகிவிடுவதால் பல்பு அணைகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி வழியாகச் சாவி வரை வரும் பாதையில் இரவு விளக்குகளின் சுமையால் ஒன்றரை வோல்ட் விழுந்தால், ஆல்டர்னேட்டர் பக்கம் உயர்ந்தும் சாவிப் பக்கம் தாழ்ந்தும் நின்று, பல்பில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடி மங்கலாக எரியும். பல்புக்கு எந்தத் திசையானாலும் ஒன்றுதான். ஆல்டர்னேட்டருக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று போனாலும் இதே மங்கல் வெளிச்சம் தெரியும் என்பதால், விளக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பல்பின் இரு பக்கத்தையும் பேட்டரி மைனஸோடு ஒப்பிட்டு அளந்தால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் பல்பை எல்இடியாக மாற்றியிருந்தால் உடனே பழைய 2 வாட் பல்புக்குத் திரும்புங்கள். எல்இடி விடும் மின்னோட்டம் ரோட்டரை எழுப்பப் போதாமல், எஞ்சினை ஒரு முறை உறுமவிட்ட பிறகே சார்ஜ் தொடங்கும் நிலை வரலாம்.

இனி நிறுத்தியிருக்கும்போது ஒழுகுவது. எர்த் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது. எலக்ட்ரானிக் கருவி எதுவும் இல்லாத பழைய ஜீப்பில் கிட்டத்தட்டச் சுழிதான் வர வேண்டும். டேப் ரெக்கார்டர், ஜிபிஎஸ் கருவி இருந்தால் 0.05 வரை பொறுக்கலாம். 0.5 ஆம்பியர் வந்தால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி, மூன்று நாளில் 36. உங்களுடையது 60 ஆம்பியர் மணிப் பேட்டரியானால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தும் அந்த எண் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதில் குறைந்தால் டயோடு ஒழுகுகிறது. மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: விடியற்காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன், போனட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். எஞ்சின் பிளாக் சில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் இரவு முழுவதும் உங்கள் பேட்டரி அதைச் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டயோடு ஒழுகுவது உறுதியானால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் டயோடு தட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஆல்டர்னேட்டர் தேவைப்படாது.

டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரேக் மிதியை வாக்குவத்தின் உதவியால் லேசாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள பல வண்டிகளில் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே மாட்டப்பட்டு, எஞ்சின் ஆயில் அதற்குள் போய் வரும். அதன் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து, ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும் கரிய பசையில் ஊறிவிடும். சார்ஜ் சில நேரம் வரும், சில நேரம் வராது. காயில் கட்டுபவர் பிரஷ்ஷை மாற்றி, சீலை விட்டுவிட்டால் சில மாதங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருப்பதால் வரும் இன்னொரு விளைவு ஆபத்தானது: மலையிறக்கத்தில் பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு எரிவதோடு வாக்குவம் பம்ப்பும் நின்று, பூஸ்டரில் மீந்திருக்கும் வாக்குவத்துக்கு ஓரிரு மிதி கிடைக்கலாம், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சிவப்பு விளக்கு திடீரென்று முழு வெளிச்சத்தில் எரிந்தால், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாமல் சின்ன கியரில் ஓரங்கட்டுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய எலக்ட்ரீஷியன்கள் ஆல்டர்னேட்டரை இன்றும் டைனமோ என்றும், ரெகுலேட்டரைக் கட்டவுட் என்றும்தான் சொல்வார்கள். பெயரில் தவறில்லை, டைனமோ காலத்துப் பழக்கமாக, எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கி "வண்டி நிற்கவில்லை, டைனமோ நன்றாக இருக்கிறது" என்று காட்டுவதுதான் தவறு. டீசல் எஞ்சின் பேட்டரி இல்லாமலும் ஓடும் என்பதால் அந்தச் சோதனை ஒன்றையும் நிரூபிக்காது. பிடுங்கும் கணத்தில் எழும் வோல்டேஜ் நல்ல டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். உங்கள் வண்டியில் யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். சேசிஸில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இன்றிரவே ஹெட்லைட்டைப் போட்டு அந்த நான்கு அளவுகளையும் எடுத்து இங்கே எழுதுங்கள். காலையில் உள்ளங்கை வைத்துப் பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டரிலேயே, விளக்குகளோடு, 13.5 கூட வரவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம், அப்போது பிரஷ்ஷின் நீளத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம். அங்கே 14 இருந்து பேட்டரியில் 13க்குக் கீழே இருந்தால், கடைக்குப் போகும்போது ஒயரும் லக்கும் உப்புத்தாளும் மட்டும் வாங்கி வாருங்கள்.