வாசகர் கேள்வி: பனியாறு உருகும் கடலில் மீத்தேன்

கே: பனியாறுகள் உருகுவதால் துருவக் கரையோரக் கடலிலிருந்து மீத்தேன் வருகிறதாமே? உப்பனாற்றுச் சேற்றில் கழி ஊன்றினால் கிளம்பும் குமிழியும் அதுதானா? எப்படி அளக்கிறார்கள்?
– வாசகி, கடலூர் முதுநகர்

ப: உங்கள் குமிழியிலும் மீத்தேன் உண்டு, ஊற்றுக்கண்தான் வேறு. அங்கே தழையும் கழிவும் காற்றில்லாச் சேற்றில் அழுகுகின்றன. நார்வேயின் துருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலோ, பனியாறு பின்வாங்கிய நிலத்தில் பாறையடியில் அடைபட்ட பழைய வாயு ஊற்றுநீரோடு மேலே வருவதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் கடலடியில் வருவதெல்லாம் வானம் ஏறுவதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் (கந்தகம் சேர்ந்த உப்புப்பொருள்) உண்டு. அதன் துணையோடு சேற்று நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்றுவிடும். உருகுநீர் உப்புக் குறைந்தது, எடையும் குறைவு. மூடிபோல மேலே மிதக்கும். அடியில் கரைந்தது தேங்கும். பலத்த காற்று கலக்கினால் வெளியேறும். ஒரு நாள் மாதிரியை வைத்து ஆண்டுக்கணக்கு போடுவதை நம்பாதீர்கள்.

தவறு அதிகம் நடப்பது மாதிரி எடுக்கும்போதுதான். நிஸ்கின் குடுவையின் (வேண்டிய ஆழத்தில் மூடி நீரை அள்ளும் குடுவை) குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, குப்பி கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தபின் மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் வாயு பறந்துவிடும். நுண்ணுயிர்களைக் கொல்ல மெர்குரிக் குளோரைடு (கொடிய நஞ்சு, கையுறை கட்டாயம்), மேலே பியூட்டைல் ரப்பர் மூடி, அலுமினிய வளையம். சாதாரண ரப்பரில் கசியும். பிறகு வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி.

காற்றோடு சமநிலையில் 0 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 4 நானோமோல் (மிக நுண்ணிய அளவுக்கான அலகு) மீத்தேன் கரைந்திருக்கும்; 30 டிகிரியில் சுமார் 2. ஆக, துருவத்தில் 3 என்று வந்தால் பதற வேண்டாம்; உங்கள் தேவனாம்பட்டினக் கடலில் 3 வந்தால் அது மிகைதான்.