களக்காடு மலையடிவார ஓடையோர மனை குறித்து

களக்காட்டுக்கு மேற்கே, ஓடையிலிருந்து 40 மீட்டர் தள்ளியுள்ள மனையில் வீடு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தூரத்தைவிட, ஓடையின் தரைமட்டத்திலிருந்து மனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். நீர்ப்பிடிப்புப் பகுதி 5 சதுர கிலோமீட்டர், மழை மணிக்கு 60 மி.மீ., அதில் 60 சதவீதம் வழிந்தோடுகிறது என்று கொண்டால், வினாடிக்குச் சுமார் 50 கன மீட்டர் நீர் வரும். 2023 டிசம்பரில் கடலோரக் காயல்பட்டினத்திலேயே ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியதை நினைத்தால், இது மிகையான கணக்கன்று.

ஆனால் சேறும் பாறையும் கலந்து இறங்குவதற்கு இந்தக் கணக்கு உதவாது; என் கவலையெல்லாம் அதைப் பற்றியதுதான். மனையில் ஆளுயரக் குழி தோண்டிப் பாருங்கள்: கற்கள் அளவுவாரியாக அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அது வெள்ளம் கொணர்ந்தது, பானையளவுக் கல்லும் சரளையும் களிமண்ணும் தரம் பிரியாமல் ஒன்றாகக் கிடந்தால், மலைச்சேறு முன்பே அங்கு வந்து நின்றிருக்கிறது. கரையோர மருத மரங்களில், மலையை நோக்கிய பக்கத்துப் பட்டைத் தழும்பின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்; அடித்துவரப்பட்ட கற்கள் எவ்வளவு உயரத்தில் மோதின என்பதை அது காட்டும். குழியில் இரண்டாவது வகை தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த மனை வேண்டாம்.