படிகத்துக்குள் இருக்கும் என்சைம் அசைவது எக்ஸ்ரேயில் எப்படித் தெரிகிறது?

உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதமான என்சைமைப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறி வரும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளை வைத்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுவதுதான் எக்ஸ்ரே படிகவியல். ஏன் எக்ஸ்ரே? சாதாரண வெளிச்சத்தின் அலை அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீளம், எக்ஸ்ரேயின் அலையோ அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவுதான். படிகம் எதற்கு என்றால், ஒரே ஒரு மூலக்கூறு சிதறடிப்பது மிகச் சொற்பம். ஒருவர் கை தட்டினால் கேட்காது, ஊரே ஒரே தாளத்தில் தட்டினால் தெருமுனை வரை கேட்கும் இல்லையா, அப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

1965-ல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழு முட்டை வெள்ளைக்கருவிலுள்ள லைசோசைமை இப்படித்தான் பார்த்தது. முதன்முதலில் உருவம் தெரிந்த என்சைம் அதுதான்: நடுவே ஒரு பிளவு, பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி வந்து உட்கார்ந்து அறுபடும் இடம்.

சரி, அசைவு? கல்யாண குரூப் போட்டோவில் கையை ஆட்டிய குழந்தையின் கை மட்டும் கலங்கலாக விழும். அதேபோல அதிகம் ஆடும் பகுதி மங்கலாகத் தெரியும். அப்புறம், ஈஸ்ட்டில் குளுக்கோஸின் மேல் வேலை செய்யும் ஹெக்ஸோகைனேஸ் என்ற என்சைமை குளுக்கோஸ் இல்லாமலும் சேர்த்தும் பார்த்தார்கள்; குளுக்கோஸ் இருந்தபோது அதன் இரண்டு மடல்களும் வாய் மூடுவதுபோல் நெருங்கியிருந்தன. எனக்கு மிகவும் பிடித்த படம் இது.

படிகம் என்றதும் கல்லாய் இறுகிப்போன ஒன்று என்று நினைக்க வேண்டாம்: அதில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான், சில என்சைம்கள் படிகத்துக்குள்ளேயே வேலை செய்கின்றன.