பீன்ஸிலும் உருளைக்கிழங்கிலும் தத்துப்பூச்சியைத் தாங்கும் ரகம் என்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் விதைக்கடையில் "பூச்சி தாங்கும்" என்று சொல்லித் தருகிற பாக்கெட்டை நம்பி வாங்காதீர்கள், எந்தப் பூச்சியை என்று கேளுங்கள். பருத்தியில் நாங்கள் பார்த்ததுதான், பி.டி. பருத்தி (மரபணு மாற்றிய பருத்தி) காய்ப்புழுவைத் தடுக்கும், சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சியை அது ஒன்றும் செய்யாது.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் பருத்தியும் மொச்சையும், மாமனார் வீட்டுக்குக் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு என்ற ஊரில் பீன்ஸ், அதனால் மலை, தரை இரண்டிலும் இந்தப் பூச்சியோடு பழக்கம் உண்டு. நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி இலை ஓரம் மஞ்சளாகி, சுருண்டு, தீய்ந்து போவது தத்துப்பூச்சி வேலையாக இருக்கலாம். சாம்பல் சத்து குறைந்தாலும் ஓரம் கருகும், அது பெரும்பாலும் அடி இலையில் தொடங்கும். வெயில் ஏறும் முன் இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சைக் குஞ்சுகள் பக்கவாட்டிலேயே நகர்ந்து நரம்புக்கு அந்தப்பக்கம் ஒளிந்தால் சந்தேகமே வேண்டாம். மருந்தடித்தும் திரும்ப வருகிறதே என்கிறீர்கள். முட்டை இலை நரம்புக்கும் காம்புக்கும் உள்ளே இருக்கிறது, மேலே தெளிப்பது அதை எட்டாது. அப்புறம் பக்கத்து வயலிலிருந்து பறந்தும் வரும்.

பூச்சி சாறு குடிப்பதோடு நிற்பதில்லை. குத்திய இடத்தில் திசுவைக் கிழித்து எச்சிலையும் விடுவதால் இலை தயாரித்த சர்க்கரை வெளியே போகும் பாதை அடைபடுகிறது. நம் கண்ணுக்கு மஞ்சள் தெரியும் முன்பே இலை உணவு தயாரிப்பதைக் குறைத்துவிடும். அதனால்தான் முதலிலேயே தாங்குகிற செடியாகப் பார்த்து நடுவது பெரிய விஷயம் என்கிறேன்.

சரி, செடி எப்படித் தாங்குகிறது? ஒரு வழி, இலையில் உள்ள முடி. பீன்ஸ் இலையைச் சட்டையில் வைத்து அழுத்திப் பாருங்கள், நாயுருவி மாதிரி பிடித்துக்கொள்ளும். நல்ல லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனி வளைந்த குட்டி முடிகள் தெரியும். அதில் குஞ்சின் கால் மாட்டிக்கொண்டால் நகர முடியாமல் பட்டினியில் சாகும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1976-லேயே இதைக் காட்டினார்கள், முடி நெருக்கமாக உள்ள ரகத்தில் குஞ்சு அதிகம் சிக்கியது. (பால்கன் நாடுகளில் முன்பு மூட்டைப்பூச்சி பிடிக்க ராத்திரி பீன்ஸ் இலையைத் தரையில் பரப்பி, காலையில் பூச்சியோடு எரிப்பார்களாம், அதுவும் இதே முடிதான்.) ஆனால் இலை விரிய விரிய முடிகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும், எனவே இளம் இலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு முற்றிய இலைக்குக் கிடைக்காது.

உருளைக்கிழங்கில் கதை வேறு. பொலிவியாவில் சொலானம் பெர்தால்டி என்று ஒரு காட்டு உருளை இருக்கிறது. அதன் இலையில் இரண்டு வகைச் சுரப்பி முடிகள், ஒன்று எப்போதும் பிசுபிசுப்பைக் கசிந்துகொண்டே இருக்கும், இன்னொன்று பூச்சி தொட்டதும் உடைந்து திரவம் விடும், அது காற்றுப்பட்டுக் கறுத்து இறுகி, காலையும் வாயையும் கட்டிப்போடும். அதைச் சாகுபடி உருளையோடு கலப்பு செய்து கிங் ஹாரி என்ற ரகத்தைக் கார்னெலில் கொண்டுவந்தார்கள். சுலபமாக வரவில்லை, காட்டுச் செடியின் சின்னக் கிழங்கும் தாமதமாக விளையும் குணமும் கூடவே வந்து தொல்லை தந்தன. கொடைக்கானலில் அந்த ரகத்தைத் தேடி அலைய வேண்டாம். குஃப்ரி ஜோதி போன்ற நம் மலை ரகங்கள் கருகல் நோயை மனதில் வைத்து வந்தவை, அதைத் தாங்கினால் தத்துப்பூச்சியையும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

இன்னொரு வகைத் தாங்கும் சக்தியும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். பூச்சி இருக்கும், இலை கொஞ்சம் வாடும், ஆனாலும் காய்ப்பு பெரிதாகக் குறையாது. கொலம்பியாவில் சியாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பீன்ஸில் பல காலம் பாடுபட்டு எடுத்த ரகங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே உள்ள பூச்சியும் நம் ஊர் தத்துப்பூச்சியான அம்ராஸ்கா பிகுட்டுலாவும் ஒன்றல்ல, அதனால் அவர்கள் முடிவை அப்படியே நம் வயலுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முடி அதிகம் என்றால் எல்லாம் நல்லது என்றும் இல்லை, பருத்தியில் முடி அடர்ந்த இலை தத்துப்பூச்சியைத் தள்ளும், வெள்ளை ஈயைக் கூப்பிடும்.

நீங்கள் செய்யக்கூடியது, கிடைக்கிற பீன்ஸ் ரகங்களை ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்து வரிசையாகப் போட்டு, ஆரம்பத்திலேயே மருந்தடிக்காமல், வாரம் ஒருமுறை இலைக்கு அடியில் குஞ்சை எண்ணிக் காய் எடையையும் குறித்து வையுங்கள். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறைக்கு இலையோடு போனால் எந்தப் பூச்சி என்று கேட்டுக்கொள்ளலாம். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், எனவே வீரிய ஒட்டு இல்லாத ரகமாக இருந்தால் தாங்கி நின்ற செடிகளிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.