அம்மா கூப்பிடும் பெயர்

கேள்வி: மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறேன். என் அறைத்தோழி சீனாவின் செங்டு நகரத்துப் பெண். எங்களிடம் தன் பெயர் லிண்டா என்றாள். போனில் அவள் அம்மா வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உண்மைப் பெயரை ஏன் மறைக்க வேண்டும் என்று நினைத்து, ஒருநாள் நானும் அப்படியே கூப்பிட்டேன். முகம் மாறிவிட்டது. வகுப்பிலும் சீன மாணவர்களோடுதான் உட்காருகிறாள். சீனப் பெண் என்று காட்டிக்கொள்ள வெட்கமா, எங்களோடு ஒட்டப் பிடிக்கவில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

நீங்கள் போனில் கேட்டது அவளுடைய செல்லப்பெயராக இருக்கும் என்றே நினைக்கிறேன். சீன வீடுகளில் பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. ஒரே அசையை இரண்டு முறை சொல்வதாகப் பல பெயர்கள் அமையும். அவர்கள் மொழியில் அதற்கு 'பால் பெயர்' என்றே ஒரு சொல் இருக்கிறது. அம்மா, பாட்டி வாயில் வாழ்கிற பெயர். உங்களை வீட்டில் அம்முக்குட்டி என்று கூப்பிடுவார்கள் என்று வையுங்கள். நாலு மாதப் பழக்கத்தில் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டால் உங்களுக்கும் ஒரு மாதிரிதானே இருக்கும்? 'அது வீட்டுப் பெயர் என்று தெரியாது, ஸாரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் இருப்பது மூன்றாவது பெயர். சீன மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். 'மா' என்பது ஒரு விதமாகச் சொன்னால் அம்மா, இன்னொரு விதமாகச் சொன்னால் குதிரை. தன் பெயர் தினமும் சிதைபடுவதைக் கேட்பதைவிட 'லிண்டா'வே மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். சின்ன வகுப்பு ஆங்கில டீச்சர் வைத்த பெயரோடு பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்ந்த பிள்ளைகளும் அங்கே நிறைய. அதனால் அதைப் பொய்ப் பெயர் என்று நினைக்காதீர்கள். எப்படிக் கூப்பிடட்டும் என்று அவளையே கேளுங்கள்.

இந்த வெட்கம் என்ற சந்தேகம் இருக்கிறதே, அது ரொம்பப் பழையது. 1872 முதல், அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. பேஸ்பால் ஆடுகிறார்கள், அந்த அரசின் ஆண்கள் கட்டாயம் வளர்க்க வேண்டிய சடையை வெட்டிக்கொள்கிறார்கள், ஊரையே மறந்துவிடுவார்கள் என்று பயந்து 1881-இல் எல்லாரையும் திரும்ப அழைத்தது. அப்படித் திரும்பியவர்களில் ஒருவரான ஜான் தியான்யூதான் பின்னாளில் பெய்ஜிங் - ஜாங்ஜியாகோ ரயில் பாதையை அமைத்தார். 1909-இல் முடிந்த பாதை அது.

அப்புறம், சீன மாணவர்கள் கூட்டம். நம் கண்ணுக்குத்தான் அது ஒரே கூட்டம். அம்மாவோடு அவள் பேசுவது செங்டுப் பேச்சாக இருக்கும். வடக்கே ஹார்பின் ஊர்க்காரரோடும் தெற்கே குவாங்சோ ஊர்க்காரரோடும் பொதுமொழியான மாண்டரினில்தான் பேசியாக வேண்டும். ஊரில் இருந்தவரை அவள் செங்டுப் பெண். விமானம் இறங்கிய பிறகுதான் எல்லாருக்கும் 'அந்தச் சீனப் பெண்' ஆகியிருப்பாள். 'சீனாவில் எல்லாரும் இப்படியா?' என்று அவளிடம் கேட்காதீர்கள். தினமும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். செங்டுவில் நள்ளிரவு ஆகும்போது உங்களுக்கு மாலை 4 மணி. வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் அந்த நேரத்தில் அவள் ஏதோ ஒரு வகுப்பில் இருப்பாள். அன்று சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் அறைக்குப் போய்விடுங்கள். கொழுக்கட்டை மாதிரியான டம்ப்ளிங் பற்றிக் கேட்க வேண்டாம், புத்தாண்டு டம்ப்ளிங் வடசீனப் பழக்கம். உங்கள் வீட்டில் இன்று என்ன சமைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், உட்கார்ந்து கேளுங்கள்.